தோன்றா எழுவாய்

"வீட்டைவிட்டு வெளியே வர வேண்டாம், பாதுகாப்பாக இருங்கள்." கார்த்திகை முடிவதற்குள் ஒருமுறையாவது இந்த வாக்கியம் எங்கள் கடற்கரைக்கு வந்துவிடும். காற்றுக்கு முன்னால் வரும். தொலைக்காட்சியின் அடியில் ஓடும் பட்டையில் வரும், ஆட்டோவில் கட்டிய ஒலிபெருக்கியில் வரும், கைப்பேசிக் குறுஞ்செய்தியில் வரும். அதன் பின்னாலேயே ஒரு பட்டியல். குடிநீர் பிடித்து வையுங்கள். மெழுகுவர்த்தி, தீப்பெட்டி, டார்ச் லைட் எடுத்து வையுங்கள். குடும்ப அட்டை, ஆதார், பத்திரம் எல்லாவற்றையும் பிளாஸ்டிக் பையில் சுற்றிக் கட்டுங்கள். இரண்டு மூன்று நாளைக்கு வேண்டிய அரிசி, பால் பவுடர், மருந்து இருக்கட்டும். ஜன்னல் பக்கம் நிற்காதீர்கள். முதியவர்களையும் குழந்தைகளையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இலக்கணம் நடத்துகிறவள் என்பதால் இந்தப் பட்டியலில் என் கண் முதலில் போவது எழுவாயைத் தேடித்தான். எல்லாம் ஏவல் வினைகள். எழுவாய் வெளியே தெரியவில்லை. தோன்றா எழுவாய் என்று வகுப்பில் சொல்லித்தருவோம்: வாக்கியத்தில் சொல்லாக நிற்காது, வினைமுற்று அதைக் காட்டிக்கொடுத்துவிடும். 'எடுத்து வையுங்கள்' என்றால் 'நீங்கள்'. அந்த 'நீங்கள்' வீட்டில் இருக்கும் ஐந்து பேரையும் குறிக்கும். அரிசி மூட்டையைப் பரணில் ஏற்றுகிற கைகள் என்னவோ இரண்டுதான். யாருடைய கைகள் என்று எவரும் கேட்பதில்லை, எல்லாருக்கும் தெரியும் என்பதால்.

வீட்டு வேலையின் பாகுபாட்டைப் பற்றி இந்தத் தொகுப்பைப் படிக்கிறவர்களுக்கு நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. என் கேள்வி பட்டியலின் கடைசி வரியைப் பற்றியது. சில சமயம் அங்கே இப்படி இருக்கும்: நிலைமை மோசமானால் பாதுகாப்பான இடத்துக்குச் சென்றுவிடுங்கள். இதற்கும் தோன்றா எழுவாய்தான். ஆனால் இந்த ஒரு வினையில் மட்டும் ஆள் மாறிவிடுகிறார். எடுத்து வைக்கிறவள் அவள். கிளம்பலாம் என்று சொல்கிறவர் அவர். ஒரு வீட்டுக்குள், ஒரு பட்டியலுக்குள், சத்தமில்லாமல் நடக்கும் இந்த ஆள்மாற்றத்தில் எத்தனை உயிர்கள் போயிருக்கின்றன என்பதுதான் புயலைப் பற்றி நான் யோசிக்கும்போதெல்லாம் வந்து நிற்கும் கேள்வி.

முதலில் எங்கள் நிலத்தைச் சொல்லிவிடுகிறேன். குயிலாப்பாளையம் செம்மண் மேட்டில் இருக்கிறது. முந்திரி, பனை, அதைத் தாண்டி ஆரோவில்லின் வளர்ப்புக் காடு. கிழக்கே சரிவில் இறங்கினால் பொம்மையார்பாளையம். கடல் கரையைத் தின்று தின்று வீட்டுச் சுவர் வரை வந்துவிட்ட மீனவர் ஊர். கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போனால் மரக்காணம், சிறுபாணாற்றுப்படை சொல்லும் எயிற்பட்டினம் இதுதான் என்று ஆய்வாளர்கள் அடையாளம் காட்டும் ஊர். சாலையை ஒட்டி உப்புப் பாத்திகள், அதற்கும் மேற்கே கழுவெளி. மேட்டிலிருந்து பாத்தி வரை எல்லாருக்கும் ஒரே எச்சரிக்கைதான் வருகிறது. ஆனால் புயல் மேட்டில் காற்றாக வருகிறது, குப்பத்தில் அலையாக, உப்பளத்தில் வெள்ளமாக.

கடலின் மேற்பரப்பு 26, 27 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடேறிக் கிடக்கும்போது நீராவி ஏராளமாக மேலே போகிறது. அது குளிர்ந்து மேகமாகும்போது வெப்பத்தை வெளியே விடுகிறது. அந்த வெப்பம் காற்றை இன்னும் மேலே தள்ள, கீழே அழுத்தம் இன்னும் குறைகிறது. நாலு பக்கத்திலிருந்தும் காற்று அந்தப் பள்ளத்தை நோக்கி ஓடி வருகிறது. பூமி சுழல்வதால் நேராக வர முடியாமல் வளைந்து, நம் வட கோளத்தில் இடஞ்சுழியாகச் சுற்றுகிறது. எங்கள் கரையில் இருப்பவர்களுக்கு இந்த 'இடஞ்சுழி' பாடப்புத்தகச் செய்தி அல்ல. புயலின் மையம் எங்கே கரையேறுகிறதோ அதற்கு வடக்கே காற்று கடலிலிருந்து நிலத்தைப் பார்த்து வீசும், கடலையே தள்ளிக்கொண்டு வரும். தெற்கே நிலத்திலிருந்து கடலைப் பார்த்து வீசும். ஆகவே "புதுச்சேரிப் பக்கம் போய்விட்டது, நமக்கு இல்லை" என்று மரக்காணத்தில் ஒருத்தி பெருமூச்சு விடும் நேரம்தான் அவள் மிகவும் பயப்பட வேண்டிய நேரம். இதை எந்த ஒலிபெருக்கியும் அவளுக்குச் சொல்லி நான் கேட்டதில்லை.

துறைமுகத்தில் எத்தனையாம் எண் கூண்டு என்று சொல்கிறார்கள். அந்தக் கூண்டுகள் கப்பல்களுக்காக ஏற்பட்டவை. மாலுமி ஒருவர் கரையைப் பார்த்துத் தன் கப்பலை என்ன செய்வதென்று முடிவெடுக்கத் தரும் குறிப்பு. எட்டு, ஒன்பது, பத்து மூன்றுமே பெரும் அபாயம்தான்; புயல் துறைமுகத்துக்கு எந்தப் பக்கமாகக் கடக்கும் என்பதில்தான் வித்தியாசம். கீற்றுக் கொட்டகைக்குள் அடுப்பை எங்கே நகர்த்துவது என்று பார்த்துக்கொண்டிருக்கும் பெண்ணிடம் 'பத்தாம் எண் கூண்டு' என்றால் அவள் அதைப் பயத்தின் அளவாகத்தான் எடுத்துக்கொள்ள முடியும், அறிவாக அல்ல.

இதேபோல ஏமாற்றுகிற இன்னொரு அளவு, புயலின் தரம். இந்திய வானிலை ஆய்வுத் துறை காற்றின் வேகத்தை வைத்துத்தான் தரம் பிரிக்கிறது: மணிக்கு 62 கிலோமீட்டரைத் தொட்டால் புயல், 89ஐத் தொட்டால் தீவிரப் புயல், 118ஐத் தொட்டால் அதி தீவிரப் புயல். 2020 நவம்பர் 25 நள்ளிரவை ஒட்டி மரக்காணத்துக்கு அருகே கரையைக் கடந்த நிவர் அதி தீவிரப் புயல். 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கடந்த ஃபெஞ்சல், இந்தத் தரவரிசையில் கடைசிப் படியில் உள்ள வெறும் புயல். புயலாகவே மாறாது, ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாகவே கரையைக் கடந்துவிடும் என்றுகூட இரண்டு நாள் முன்பு சொல்லப்பட்டது. வந்தது, கரையேறியது, பிறகு நகர மறுத்துப் பல மணி நேரம் புதுச்சேரிப் பக்கத்திலேயே நின்றுவிட்டது. ஒரு நாளில் புதுச்சேரியில் ஏறத்தாழ 48 சென்டிமீட்டர் மழை, எங்கள் மயிலத்தில் சுமார் 50. மரக்காணத்து உப்புப் பாத்திகள் எது, கழுவெளி எது என்று தெரியாமல் ஒரே நீராகக் கிடந்தன. டிசம்பர் 2 அதிகாலை சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1,68,000 கன அடி திறந்துவிடப்பட்டு, தென்பெண்ணைக் கரை ஊர்களில் தண்ணீர் வீடுகளுக்குள் ஏறியது. அதற்கு முந்தைய நாள், கடலிலிருந்து வெகு தொலைவில், திருவண்ணாமலை மலைச்சரிவில் மண்ணும் பாறையும் சரிந்து ஒரு வீட்டை மூடின. ஏழு பேர் இறந்தார்கள், ஐவர் குழந்தைகள். அவர்கள் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. சொன்னபடி உள்ளேதான் இருந்தார்கள்.

(புயல்களுக்கு அமெரிக்காவில் 1953 முதல் கால் நூற்றாண்டுக் காலம் பெண் பெயர்களை மட்டுமே வைத்தார்கள் என்பதை இங்கே சொல்லாமல் போக மனம் வரவில்லை. புளோரிடாவைச் சேர்ந்த ராக்ஸி போல்ட்டன் போன்ற பெண்ணியவாதிகள் விடாமல் சண்டை போட்ட பிறகு 1979இல்தான் அட்லாண்டிக் பட்டியலில் ஆண் பெயர்கள் வந்தன. நம் வங்கக் கடலுக்குப் பெயர் தரும் நாடுகளுக்கு, பெயர் பால் சார்பற்றதாக இருக்க வேண்டும் என்று விதியே இருக்கிறது. புயலுக்குப் பால் கிடையாது, சரி. அது கடந்துபோகும் வீட்டுக்கு உண்டு.)

நம் மொழியில் வீட்டுக்கும் பெண்ணுக்கும் உள்ள உறவு பழையது. இல்லாள், மனைவி, மனையாள். இன்றும் ஓர் ஆண் தன் மனைவியைக் குறிப்பிட "எங்க வீட்ல" என்கிறார், அவளே வீடாகிவிடுகிறாள். அவளோ கணவரை "வீட்டுக்காரர்" என்கிறாள். வீடு அவள், வீட்டுக்கு உரியவர் அவர். அகத்திணையில் முல்லைக்கு உரிப்பொருள் இருத்தல். போனவன் திரும்பும் வரை ஆற்றியிருப்பது. நெய்தலுக்கு இரங்கல். கடலுக்குப் போனவனை நினைத்துக் கரையில் வருந்துவது. கடற்பயணம் பெண்ணோடு இல்லை என்று தொல்காப்பியர் தனியாகவே சொல்லி வைத்திருக்கிறார். மகள் காதல்வயப்பட்டாள் என்று தெரிந்ததும் தாய் செய்வதற்கு இற்செறிப்பு என்று பெயர். வீட்டுக்குள் வைத்துப் பூட்டுவது. காரணம் கேட்டால் காப்பு. காவல் என்ற ஒரு சொல்லுக்குள் பாதுகாப்பும் இருக்கிறது, சிறையும் இருக்கிறது. இந்தப் பாடல்களை இருபது ஆண்டுகளாக வகுப்பில் சொல்லி வருகிறேன், அவற்றின் அழகில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் "வீட்டில் பத்திரமாக இருங்கள்" என்ற அறிவிப்பு ஒரு பெண்ணின் காதில் விழும்போது அது வெற்றுக் காதில் விழுவதில்லை. இரண்டாயிரம் ஆண்டுகளாக வேறு வேறு காரணங்களுக்காக அவளிடம் சொல்லப்பட்ட அதே வாக்கியம் அது. நிவர் வந்த 2020இல் அந்த வாக்கியத்தை மார்ச்சிலிருந்தே கேட்டுக்கொண்டிருந்தோம், நோய்க்காக. அந்த மாதங்களில் அடிக்கிற கையோடு அடைபட்டுக் கிடந்தவர்களுக்குப் பாதுகாப்பு என்ற சொல் எப்படி ஒலித்திருக்கும் என்பதை நான் எழுதிக் காட்ட வேண்டியதில்லை.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். புயல் நேரத்தில் வீட்டுக்குள் இரு என்பது நல்ல அறிவுரை. வலுவான சுவரும் கான்கிரீட் தளமும் உள்ள வீட்டில், ஜன்னலில்லாத உள்ளறையில், மின்சாரத்தையும் எரிவாயுவையும் அணைத்துவிட்டு உட்கார்ந்திருப்பவரைப் போலப் பாதுகாப்பானவர் வேறு யாரும் இல்லை. புயல்நாளில் நம் ஊரில் ஆளைக் கொல்வது பெரும்பாலும் காற்று அல்ல. காற்று தள்ளிய சுவர், காற்று சாய்த்த மரம், காற்று அறுத்த மின்கம்பி. 2011 டிசம்பர் 30 காலை தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறியபோது இந்த மேட்டின் முந்திரி மரங்கள் வேரோடு வந்தன. மண் சுவர் ஊறிச் சரிந்தது. மையம் கடக்கும்போது காற்று சட்டென்று நின்று, வானம் வெளுத்து, எல்லாம் முடிந்ததுபோல ஒரு மயக்கம் தரும். சிறிது நேரத்தில் எதிர்த் திசையிலிருந்து அதே வேகத்தில் அடிக்கத் தொடங்கும். அந்த இடைவேளையில் வெளியே போகாதே என்று சொல்வது உயிர்காக்கும் சொல். ஆனால் அந்த இடைவேளையில் வெளியே போகிறவர்கள் யார்? கூரையைப் பார்க்கப் போகும் ஆண்கள். முந்தின இரவு முழுதும் அடக்கிக்கொண்டிருந்த, வீட்டில் கழிப்பறை இல்லாத பெண்கள். அறிவுரை சரியானது, கேட்கிறவளிடம் ஒரு வீடு இருக்கிறது என்று அது எண்ணிக்கொள்கிறது, அந்த வீடு எப்படிப்பட்டது என்று பார்ப்பதில்லை.

அதேபோல, எறும்பு முட்டையைத் தூக்கிக்கொண்டு ஏறினால் மழை, தும்பி தாழப் பறந்தால் மழை என்று நம் பாட்டிகளுக்கு எல்லாம் தெரியும் என்று பெருமை பேசுகிற எழுத்தும் எனக்கு உவப்பில்லை. எறும்புக்கு மழை தெரியலாம்; மையம் எந்த ஊருக்கு நேரே கரையேறும் என்று செயற்கைக்கோளுக்கும் காரைக்கால், சென்னை ரேடார்களுக்கும்தான் தெரியும். பெண்களுக்கு மரபறிவு இருக்கிறது என்று பாராட்டிவிட்டு, அறிவியல் தரும் செய்தியை ஆண்கள் கூடும் டீக்கடையோடும் மீன்பிடி இறங்குதளத்தோடும் நிறுத்திக்கொள்வது வசதியான ஏற்பாடு. செய்தி அவளிடம் நேராக வர வேண்டும். அதைக் கொண்டு முடிவெடுக்கவும் அவளால் முடிய வேண்டும்.

முடியாதபோது என்ன நடக்கிறது என்பதற்கு எண்கள் இருக்கின்றன. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை புயலல்ல, எச்சரிக்கையே இல்லாமல் வந்தது. ஆனால் யார் எங்கே நிற்கிறார்கள் என்பதைப் பொறுத்துச் சாவு எப்படிப் பங்கிடப்படுகிறது என்பதை அது எங்களுக்குப் பக்கத்திலேயே காட்டியது. ஆக்ஸ்ஃபாம் அமைப்பு அடுத்த ஆண்டு வெளியிட்ட அறிக்கையின்படி கடலூர் மாவட்டத்தில் இறந்தவர்களில் பெண்கள் 391, ஆண்கள் 146. நாகப்பட்டினத்தில் பெண்கள் 2,406, ஆண்கள் 1,883. ஆண்கள் பலர் ஆழ்கடலில் படகில் இருந்தார்கள், அலை அடியில் கடந்துபோனது. பெண்கள் மீன் வாங்கக் கரையில் நின்றிருந்தார்கள், அல்லது வீட்டில் குழந்தைகளோடு இருந்தார்கள். ஓடும்போது கையில் ஒரு குழந்தை, இடுப்பில் ஒரு குழந்தை, காலில் சுற்றும் புடவை.

அங்கே எச்சரிக்கை இல்லை, அதனால் என்று சொல்லலாம். எச்சரிக்கை இருந்த இடத்தைப் பார்ப்போம். 1991 ஏப்ரல் 29 வங்கதேசத்தைத் தாக்கிய புயலில் ஏறத்தாழ 1,38,000 பேர் இறந்தார்கள். எச்சரிக்கை விடப்பட்டிருந்தது, பல இடங்களில் புகலிடங்களும் இருந்தன. இருபது முதல் நாற்பத்து நாலு வயதுக்குள் இருந்தவர்களில், ஆண்கள் ஆயிரத்துக்கு 15 பேர் இறந்தார்கள் என்றால் பெண்கள் ஆயிரத்துக்கு 71. நடக்க முடியாத கிழவிகள் அல்ல, வலுவான உடல் கொண்ட பெண்கள். செய்தி ஆண்களிடையே பொதுவெளியில் பரவியது. வீட்டுக்கு அரைகுறையாக வந்தது. கணவர் வரட்டும் என்று காத்திருந்தார்கள். அவர் சொல்லாமல் வீட்டைப் போட்டுவிட்டுப் போனால் பிறகு என்ன ஆகும் என்று யோசித்தார்கள். அந்நிய ஆண்களோடு ஒரே கூடத்தில், மறைப்பில்லாத இடத்தில் இரவைக் கழிப்பதை நினைத்துத் தயங்கினார்கள். வங்கதேசம் அதிலிருந்து கற்றுக்கொண்டது; இன்று அங்கே புயல் முன்னெச்சரிக்கைப் பணியில் இருக்கும் ஏறத்தாழ 76,000 தொண்டர்களில் பாதிப் பேர் பெண்கள். ஒரு பெண் வந்து வாசலில் நின்று இன்னொரு பெண்ணிடம் "கிளம்பு" என்று சொல்கிறாள். புகலிடங்களில் பெண்களுக்குத் தனி அறைகள் வந்தன. பெண்கள் சாவின் பங்கும் குறைந்தது.

மரக்காணம் உப்பளத்தில் வேலை செய்யும் ஓர் அக்காவிடம் நிவர் இரவைப் பற்றிக் கேட்டேன். மழைக்காலத்தில் பாத்திகளில் வேலை கிடையாது; தை, மாசிக்கு மேல்தான் மறுபடியும் வரப்பு கட்டி, சேறு மிதித்து, தண்ணீர் பாய்ச்சுவது. மழை மாதங்களுக்கு அரசு தரும் 5,000 ரூபாய் நிவாரணம் வந்தால் வட்டிக்குப் போகும் என்று சிரிப்பார். பள்ளிக்கூடத்துக்கு வரச் சொல்லி அன்று மதியமே அறிவித்தார்கள். இரவு எட்டு மணி வரை அவர் கிளம்பவில்லை.

"ஏன்கா?"

"அவுரு வரல மா. சொல்லாம போனா, எவன கேட்டுக்கினு வூட்ட தொறந்து போட்டுட்டு போனன்னு கேப்பாரு. ஆட்ட யாரு பாக்கறது? கெழவி வேற படுக்கையா கெடந்துச்சு."

பிறகு காற்று ஏறியதும், கணவர் வந்ததும், கிழவியைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு இருட்டில் தண்ணீருக்குள் நடந்ததும் நீண்ட கதை. உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் மதியம் காய்ந்த சாலையில் அரை மணி நேரத்தில் முடிந்திருக்க வேண்டிய வேலை அது. மதியத்துக்கும் இரவுக்கும் இடையே இருந்த எட்டு மணி நேரமும் ஒரு சொல்லுக்காகப் போனது.

அவர் சொன்ன மூன்று காரணங்களும் ஒரே எடை கொண்டவை அல்ல. முதல் காரணம் அதிகாரம். அதைப் பற்றி எனக்குக் குழப்பமில்லை. உயிருக்கு ஆபத்து என்கிற நேரத்தில் கிளம்ப அனுமதி கேட்க வேண்டியிருக்கும் வீடு, காற்று அடிக்காத நாளிலும் பாதுகாப்பான வீடு அல்ல. இரண்டாவது காரணம் ஆடு, அதாவது அவருடைய ஒரே சேமிப்பு. ஆட்டையும் கொண்டுவரலாம் என்ற ஒரு வரியை அறிவிப்பில் சேர்த்து, பள்ளி மைதானத்தில் ஒரு கொட்டகை போட்டால் தீரும்.

மூன்றாவதுதான் கடினமானது. படுக்கையில் கிடக்கும் மாமியாரை விட்டுவிட்டுப் போவது எப்படி? போகக் கூடாது என்பதுதான் என் முதல் எண்ணமும். தன்னால் நகர முடியாத ஓர் உயிரைத் தண்ணீரிடம் விட்டுவிட்டு நடப்பதை விடுதலை என்று என்னால் எழுத முடியாது. தன் உயிர் தன்னுடையது என்ற நியாயம் ஒரு பக்கம், இன்னோர் உயிர் என் கையை நம்பி இருக்கிறது என்ற நியாயம் இன்னொரு பக்கம். இரண்டும் நிஜம். பெண்ணியம் பேசுகிறோம் என்பதற்காக இரண்டாவதை எளிதாகத் தள்ளிவிட முடியாது. கவனித்துக்கொள்வது என்பது பெண்கள் மீது சுமத்தப்பட்டது மட்டுமல்ல, மனிதர்கள் செய்வதிலேயே மிக மேலான காரியங்களில் ஒன்றும்கூட.

என் மனதை உறுத்துவது வேறு. அந்தக் கிழவி அவரைப் பெற்றவள் அல்ல. பெற்ற மகன் அப்போது எங்கேயோ இருந்தார். எங்கே என்று யாரும் கேட்கவில்லை. அவர் இல்லாதது கடமை தவறியதாக எண்ணப்படவில்லை. அக்கா அரை மணி நேரம் முன்னால் பிள்ளைகளை மட்டும் கூட்டிக்கொண்டு போயிருந்தால் ஊர் அதை ஆயுள் முழுக்கச் சொல்லிக்காட்டியிருக்கும். ஒரே அறம், ஆனால் ஒருத்திக்கு மட்டுமே அது கட்டளை. மற்றவர்களுக்கு அது விருப்பம். இருந்து செத்தால் தியாகம் என்கிறோம். தியாகம் என்று நாம் எழுதும் இடங்களில் பெரும்பாலும் வேறு யாரோ வராமல் போயிருக்கிறார்கள். மகன், அண்டைவீட்டார், ஊராட்சி, ஊர். ஒரு படுக்கையாளியை நாலு பேர் சேர்ந்து தூக்கினால் அது வெறும் வேலை. ஒருத்தி மட்டும் எஞ்சி நிற்கும்போதுதான் அது நல்லவளா கெட்டவளா என்ற சோதனையாகிறது. அந்தச் சோதனையை அவளுக்கு வைத்தது புயலல்ல.

வீட்டுக்குள் இருப்பதற்கும் வீட்டைவிட்டுப் போவதற்கும் இடையே இன்னோர் இடம் இருக்கிறது, எழுதவே கை கூசுகிறது. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரையேறியபோது, பட்டுக்கோட்டை அருகே அணைக்காட்டில், பூப்பெய்திய ஒரு சிறுமி வீட்டுக்கு வெளியே தனிக் குடிசையில் வைக்கப்பட்டிருந்தாள். தீட்டு. தென்னை மரம் குடிசை மேல் விழுந்து இறந்துபோனாள். அந்தப் பெற்றோரைத் திட்டி அப்போது நிறைய எழுதினார்கள். அவர்கள் மகள்மேல் பாசம் இல்லாதவர்கள் என்று நான் நம்பவில்லை. அவளையும் காப்பதாகத்தான், வழக்கப்படி நடப்பதாகத்தான் நினைத்திருப்பார்கள். வெளியே வர வேண்டாம் என்று ஊரெல்லாம் அறிவித்த இரவில், 'வெளியே' எது 'உள்ளே' எது என்பதை வானிலைத் துறை முடிவு செய்யவில்லை, தீட்டு முடிவு செய்தது. புயல் எச்சரிக்கைப் பட்டியலில் "மாதவிடாயில் இருப்பவர்களையும் வீட்டுக்குள் சேர்த்துக்கொள்ளுங்கள்" என்று ஒரு வரி வேண்டும் என்று சொன்னால் சிரிக்கிறார்கள். டார்ச் லைட்டுக்கு பேட்டரி வாங்கச் சொல்லும் பட்டியலில் அதற்கு இடமிருக்கிறது என்றே நினைக்கிறேன்.

புகலிடங்களுக்கும் உள்ளும் வெளியும் உண்டு. எங்கள் கரையில் ஊருக்கும் காலனிக்கும் நடுவே இருக்கும் தூரம் மழையில் குறைந்துவிடுவதில்லை. ஆழிப்பேரலைக்குப் பிறகு நிவாரண முகாம்களில் தலித் குடும்பங்கள் ஒதுக்கி வைக்கப்பட்டதும், தண்ணீருக்குத் தனி வரிசை நின்றதும் பதிவாகியிருக்கின்றன. எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போவது, போனால் எந்த அறையில் உட்காருவது என்பதெல்லாம் ஒரு காலனிப் பெண் 'கிளம்பலாமா' என்பதற்குள் யோசிக்க வேண்டியவை. அவளுக்கு வீடும் புகலிடமும் இரண்டு ஆபத்துகள். எது சிறியது என்று கணக்குப் போடுகிறாள். அந்தக் கணக்கை அறியாமை என்றும் அலட்சியம் என்றும் மறுநாள் செய்தியில் சொல்வார்கள்: எச்சரித்தும் மக்கள் வெளியேற மறுத்தனர்.

மறுத்தவர்களிடம் காரணம் கேட்பதிலிருந்துதான் தொடங்க முடியும் என்று தோன்றுகிறது. குயிலாப்பாளையத்தில் மகளிர் குழுக் கூட்டம் ஒன்றில் கேட்டுப் பார்த்தேன். காற்றைப் பற்றி ஒருவர்கூடப் பேசவில்லை. மண்டபத்துச் சாவி யாரிடம் இருக்கிறது, கரண்ட் போனால் ஜெனரேட்டர் உண்டா, குடித்துவிட்டு வருகிற ஆண்களை யார் வெளியே நிறுத்துவார்கள், நாப்கின் எங்கே மாற்றுவது, படுக்கையில் கிடப்பவர்கள் ஊரில் எத்தனை பேர் என்று யாராவது எழுதி வைத்திருக்கிறார்களா. கடைசிக் கேள்விக்கு அங்கேயே பதில் தயாரானது. ஒரு நோட்டுப் புத்தகத்தில் தெரு வாரியாக எழுதினார்கள். பெயருக்கு எதிரே, தூக்க வேண்டிய நாலு பேர் யார் யார் என்றும் எழுதினார்கள். நாலு பேரில் இரண்டு பேராவது அந்த வீட்டு ஆண்களாக இருக்க வேண்டும் என்று ஒரு பெண் பிடிவாதமாகச் சொன்னபோது சிரிப்பு வந்தது, ஆனால் எழுதினார்கள். எழுவாயை வெளியே எழுதிய முதல் பட்டியல் அது, நான் பார்த்த வரையில்.

அந்த நோட்டைப் பற்றி உப்பள அக்காவிடம் சொன்னேன். நல்லதுதான் என்றார். கொஞ்ச நேரம் கழித்து, பாத்தி வரப்பில் உட்கார்ந்து காலில் ஒட்டிய உப்பைத் தட்டிக்கொண்டே சொன்னார்:

"எங்க ஸ்கூல் கக்கூஸுக்கு உள்பக்கம் தாப்பா கெடையாது மா. அத மட்டும் வெச்சுட சொல்லு. அடுத்த தபா அவுரு வரட்டும், வராம போட்டும், நா மத்தியானமே போயி குந்திக்குவேன்."